சிவப்புப் பொட்டு வைத்த நாற்பது தோட்டா

லெம்பி ரந்தனென் வருஷத்துக்கு ஒரு நகப்பூச்சுப் புட்டி வாங்குவாள், நல்ல ரத்தச் சிவப்பில். அதில் ஒரு சொட்டாவது அவள் நகத்தில் பட்டதை யாரும் பார்த்ததில்லை. அவ்வளவும் தோட்டாக்களின் அடியில்தான் போய்ச் சேரும். கடைக்காரி ஒருமுறை, "யாருக்கு லெம்பி இந்த அலங்காரமெல்லாம்?" என்று கேட்டாள். "மானுக்கு" என்றாள் லெம்பி. முகத்தில் சிரிப்பே இல்லை.

அமெரிக்காவில், மேல் மிச்சிகனில் எங்கள் ஊர் என்பது மூன்றாம் எண் இரும்புச் சுரங்கமும், அதைச் சுற்றிக் கம்பெனி கட்டிக் கொடுத்த நாற்பது வீடுகளும்தான். வீட்டுக்கு வீடு பின்புறம் ஒரு நீராவிக் குளியல் அறை இருக்கும், அதைத் தாண்டினால் காடு. குடியிருப்பவர்கள் எல்லாரும் பின்லாந்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். நவம்பர் பதினைந்து விடிந்தால் மான் வேட்டை திறக்கும். அன்றைக்குச் சுரங்கத்தில் ஆள் இருக்காது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இருக்கமாட்டார், செத்தவனைத் தூக்க வேண்டுமென்றால்கூட மறுநாள்வரை காத்திருக்க வேண்டும்.

ஊரில் பாதிப் பேர் கடையில் தோட்டா கிடைக்கிற துப்பாக்கியாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். மீதிப் பாதிக்குப் புத்தி நேராகப் போகாது. எந்த நாட்டுப் பட்டாளமோ கழித்துக் கட்டியது தபாலில் மலிவாக வருகிறதென்று வரவழைத்துவிட்டு, வந்து சேர்ந்த பிறகு அதற்குத் தோட்டா எங்கே என்று திருதிருவென்று முழிப்பார்கள். அப்படி முழித்தவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நின்றது லெம்பியின் சமையலறை வாசலில்தான்.

ஊருக்கு வெளியே பட்டாளத்தார் சுட்டுப் பழகும் திடலில் வெற்றுக் கூடுகள் சாக்குக் கணக்கில் கிடக்கும். எல்லாம் ஒரே அளவுப் பித்தளைக் கூடு. லெம்பி அதைத்தான் அள்ளி வருவாள். மேசை ஓரத்தில் முறுக்கி வைத்த அழுத்துக் கருவியில் எஃகு அச்சை மாட்டி, கூட்டுக்கு எண்ணெய் தடவி, கைப்பிடியை இழுப்பாள். கூட்டின் தோள் கீழே இறங்கும், கழுத்து ஒடுங்கும், மேலே கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை ரம்பத்தால் அறுத்து அரம் போடுவாள். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற மடையனும் உண்டு. பித்தளைக் கூட்டுக்குக் கழுத்தைவிட வயிற்றில் கனம் அதிகம். தோளைக் கீழே இறக்கும்போது நேற்று வயிறாக இருந்தது இன்று கழுத்தாகிவிடுகிறது. தடித்த கழுத்து துப்பாக்கிக்குள் விரிய இடமில்லாமல் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே எரிகிற மருந்து அப்போது பின்பக்கமாக வழி தேடும். பின்பக்கம் இருப்பது சுடுகிறவன் முகம்.

அதனால் ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் ரீமரை விட்டுத் திருகி, உட்புறம் ஒரு முடி கனம் சீவி எடுக்க வேண்டும். ரீமர் என்பது விரல் நீளத்தில், பக்கமெல்லாம் கத்தி வைத்த எஃகுக் கோல். லெம்பி அதைக் கையாலேயே திருகுவாள். நாற்பது கூடு சீவினால் மணிக்கட்டு இரண்டு நாளைக்கு வீங்கிக் கிடக்கும். கடைசியில் மருந்து அளந்து, குண்டு பொருத்தி, அடியில் சிவப்புப் பொட்டு வைப்பாள். அடியில் பட்டாளத்தான் அடித்த முத்திரை பழைய அளவைத்தானே சொல்லும். இது அது இல்லை, வேறு துப்பாக்கிக்கு மாறியது என்பதற்கு அந்தப் பொட்டுதான் அடையாளம்.

இந்த வேலை அவளுக்கு இரண்டாம் உலக யுத்தத்தில் வந்தது. இருபது வயதில் தெற்கே ஒரு தோட்டாத் தொழிற்சாலையில் மூன்று வருஷம் அளவு பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். அளவுத் துளை போட்ட கட்டைக்குள் தோட்டா போகிறதா போகவில்லையா, போனால் இந்தப் பக்கம், போகாவிட்டால் அந்தப் பக்கம். மூன்று வருஷம் அதையே செய்தவளுக்கு உலகமே அப்படித்தான் தெரிந்தது. எதையும் இரண்டு தரம் அளக்காமல் விடமாட்டாள். கல்யாணத்தன்று மோதிரத்தைக்கூட அளவுகோலில் பார்த்துவிட்டுத்தான் விரலை நீட்டினாள் என்று அவள் புருஷன் சுலோ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அது பொய்யில்லை, நான் விசாரித்துவிட்டேன்.

அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. அவள் செய்த தோட்டாவைச் சுட்டவன் வெறுங்கூட்டை அவளிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்தக் கூட்டின் வாயில் புதுக் குண்டு ஒன்றை வைத்து விரலை எடுப்பாள். கழுத்து நன்றாக விரிந்திருந்தால் குண்டு தானாக உள்ளே நழுவிவிடும். வாயிலேயே நின்றுவிட்டால் கழுத்துக்கு விரிய இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த ஆளின் தோட்டா முழுவதும் அன்றைக்கே உடைத்துக் கொட்டப்படும்.

"கூடு எங்கே?" வாசலில் நிற்கிறவனிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

"மான் விழுந்துச்சான்னு கேக்கமாட்டியா, லெம்பி?"

"மான் எப்பிடியோ செத்துப்போச்சு. நீ இன்னும் சாகலையேன்னு பாக்கறேன். கூட்டை எடு."

சுலோ சுரங்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டினான். எதையும் தூக்கிப் போடாத ஆள், வளைந்த ஆணியைக்கூடத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டுவைப்பான். பேச்சில் இனிப்பான். யாருக்கும் முகம் கோணும்படி ஒரு வார்த்தை சொல்ல வராது. இந்தக் குணத்தை ஊரே மெச்சியது. லெம்பிக்கு மட்டும் அதில் ஒரு பயம் இருந்தது. நல்ல செய்தி என்றால் ஓடிவந்து சொல்வான், கெட்ட செய்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவான்.

ரெய்னோ அவள் தம்பி. சுரங்கத்தில் துளை போடும்போது எஃகுத் துணுக்கு ஒன்று தெறித்து இடது கண் போய்விட்டது. அப்புறம் ஊரில் இருக்கப் பிடிக்காமல் தெற்கே கார்த் தொழிற்சாலைக்குப் போனான். வருஷம் ஒருமுறை, மான் வேட்டைக்கு மட்டும், பதினொரு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருவான். "மத்தவன் சுடறப்போ ஒரு கண்ணை மூடணும். எனக்கு அந்த வேலை மிச்சம்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். லெம்பி சிரிக்கமாட்டாள். மிச்சமிருக்கிற அந்த வலது கண்தான் ஒவ்வொரு நவம்பரிலும் துப்பாக்கியின் பின்பக்கத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருக்கிறது என்பது அவள் நினைப்பை விட்டு அகலாது.

அவன் துப்பாக்கியும் அப்படி வாய்த்தது. ஸ்பெயின் பட்டாளம் கழித்த ஏழு மில்லி மவுசர், எழுபது வருஷத்துக் கிழம்.

"நம்ம அப்பனைவிட வயசான இரும்புடா இது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கேன்."

"அப்பனைத் தூக்கிப் போட்டோமா, அக்கா?"

அவள் மருந்தைக் குறைத்து அளந்து, வருஷம் நாற்பது தோட்டா செய்து கொடுத்தாள். பத்து வருஷமாக ஒரு குறையும் வரவில்லை. வெற்றுக் கூடுகள் எல்லாவற்றிலும் குண்டு பூனை மாதிரி சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது.

அந்த வருஷம், அறுபத்தைந்தில், இலை உதிர்கிற நாளிலேயே அவள் மணிக்கட்டு மக்கர் செய்ய ஆரம்பித்தது. காப்பிக் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கும். ரீமரும் மழுங்கிப்போய், ஒவ்வொரு கழுத்திலும் கடித்துக் கடித்து நின்றது. ஐந்து கூடு சீவுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுலோ அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தவன் சட்டைப்பையிலிருந்து துணிச்சுருள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான். உள்ளே ரீமர். கத்தியெல்லாம் பளபளவென்றிருந்தது.

"கை வலிக்குதுன்னியே. சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொரு பல்லா தீட்டுனேன். இப்ப வெண்ணெய்ல விட்ட மாதிரி போகும்."

லெம்பி ஒரு கூட்டை எடுத்து ரீமரை விட்டுப் பார்த்தாள். நிஜமாகவே வெண்ணெய்தான். சீவல் சுருள் சுருளாக வந்து விழுந்தது. கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு பரிசை அவன் கொடுத்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவன் கன்னத்தைத் தட்டி, ஏலக்காய் ரொட்டியில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தாள். நாற்பது கூட்டையும் ஒரே உட்காரலில் சீவி முடித்தாள்.

சீவிய கழுத்தின் கனத்தை அவள் அன்றைக்கு அளக்கவில்லை. பத்து வருஷம் அளந்து அளந்து, அதே ரீமர் அதே கணக்கைத்தான் கொடுத்திருந்தது. அந்தக் கோலை அவள் தன் கையைப்போல நம்பினாள். எப்படியும் சுட்ட கூடு திரும்பி வரும், குண்டைப் போட்டுப் பார்க்கலாம் என்றும் நினைத்தாள். இரண்டு தரம் அளக்கிறவள் ஒரு தரம்கூட அளக்காமல் சிவப்புப் பொட்டு வைத்தாள்.

வேட்டைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை. ரெய்னோ ராத்திரிதான் வந்து சேர்வான் என்பதால் மவுசரைக் குறி பார்த்து வைக்கச் சுலோ கல்லுடைக்கும் பள்ளத்துக்கு எடுத்துப்போனான். மூன்று தோட்டா சுட்டுவிட்டு இருட்டிய பிறகு திரும்பினான். பனி விழுந்துகொண்டிருந்தது.

"கூடு எங்கே?"

"பனியில விழுந்துடுச்சு. தேடிப் பாத்தேன், ஆப்புடலை."

"மூணுமா?"

"மூணும்தான். காலைக் கழுவிட்டு வரேன், குளியல் அறையில அடுப்பு எரியுதில்ல?"

வளைந்த ஆணியைக் குனிந்து பொறுக்குகிற மனிதன் மூன்று பித்தளைக் கூட்டைப் பனியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். லெம்பிக்கு உறுத்தியது. வாயைத் திறப்பதற்குள் வாசலில் ரெய்னோவின் வண்டி ஹாரன் அடித்தது. தம்பியைப் பார்த்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. ஞாயிறு மத்தியானம் சுலோவும் ரெய்னோவும் சாமானை ஏற்றிக்கொண்டு காட்டுக் குடிசைக்குக் கிளம்பினார்கள். மவுசரின் தோட்டாப் பெட்டியைத் தன் கையாலேயே எடுத்து வண்டியில் வைத்தவள் லெம்பி.

திங்கள் என்றால் எங்கள் ஊரில் துணி துவைக்கும் நாள். வேட்டை திறந்தாலும் வானம் இடிந்தாலும் பெண்களுக்கு அதில் விடுப்பில்லை. லெம்பி விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே எழுந்து வெந்நீர் வைத்துவிட்டு, அழுக்குத் துணியின் பைகளைத் துழாவ ஆரம்பித்தாள். சுலோவின் கம்பளிக் காற்சட்டைப் பையில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்று கனத்தது.

அவிழ்த்தாள். மூன்று கூடுகள், அடியில் சிவப்புப் பொட்டு.

பொட்டின் நடுவில், மருந்துக்குத் தீ மூட்டும் கேப் தட்டையாக நசுங்கி, விளிம்பில் கரி படிந்திருந்தது, உள்ளே அழுத்தம் மிஞ்சியதற்கு அடையாளம். லெம்பி கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். புதுக் குண்டு ஒன்றை எடுத்து முதல் கூட்டின் வாயில் வைத்து விரலை எடுத்தாள்.

குண்டு வாயிலேயே நின்றது.

இரண்டாவதிலும் நின்றது. மூன்றாவதில் விரலால் அழுத்திப் பார்த்தாள், அசையவில்லை. அவள் ரீமரை எடுத்து அளவுக்கருவியின் வாயில் வைத்துத் திருகினாள். ஒரு முடி குறைந்திருந்தது. கத்தியைத் தீட்டினால் கத்தி தேயும், கோல் ஒல்லியாகும், ஒல்லியான கோல் துளையைச் சின்னதாகத்தான் வெட்டும். துளை சின்னதானால் கழுத்துச் சுவர் கனத்துவிடும். இது சுலோவுக்குத் தெரியாததா, லேத்துக்காரனுக்கு? மனைவியின் கைவலியை நினைத்தவன் அதை மறந்துபோனான். அவள் மணிக்கட்டு வலி தீர்ந்த சந்தோஷத்தில் மறந்துபோனாள். இந்த மூன்றும் தாங்கிவிட்டன. ஆனால் அள்ளி வந்த கூடு எல்லாம் ஒரே கனமா என்ன? மிச்சம் முப்பத்தேழில் எது தடித்தது என்று யாருக்குத் தெரியும்?

ரெய்னோவின் வலது கண் அவள் முன்னால் வந்து நின்றது. சின்ன வயதில் அவள் ஊசிக்கு நூல் கோக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கண்.

அடுப்பை அணைக்கவில்லை. சுலோவின் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பழைய காரை எடுத்தாள். ஏழு மணிக்கு வெளிச்சம் வரும், வெளிச்சம் வந்தால் சுடலாம். கடிகாரத்தில் ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. பதினெட்டு மைல் போக வேண்டும். பனி வாரும் வண்டி முன்னே போயிருந்ததால் பாதை கிடைத்தது, ஆனால் இருபது மைல் வேகத்துக்கு மேல் போனால் கார் வழுக்கியது. பாதையின் இரண்டு பக்கமும் வேட்டைக்காரர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன, ஒன்றிலும் ஆள் இல்லை. எல்லாரும் இருட்டில் காட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

பாதை முடிகிற இடத்தில் ரெய்னோவின் வண்டிக்குப் பின்னால் காரை நிறுத்தினாள். அங்கிருந்து தண்டவாளம் பிடுங்கிப்போட்ட பழைய ரயில் மேட்டில் இரண்டு மைல் நடை. பனி முழங்கால் வரை ஏறியிருந்தது. அவள் ஓடவில்லை, ஓடினால் பாதியில் விழுந்துவிடுவோம் என்று தெரியும். தொழிற்சாலை மேசையில் உட்கார்ந்ததைப்போல ஒரே சீராகக் காலை எடுத்து வைத்தாள்.

கால்வாசி தூரம் போகும்போது கிழக்கே வானம் சாம்பலானது. முதல் வேட்டு எங்கோ தெற்கில் கேட்டது. அப்புறம் ஒன்று, அப்புறம் சேர்ந்தாற்போல மூன்று. பிறகு காடு முழுவதும் பேச ஆரம்பித்தது. லெம்பி ஒவ்வொன்றுக்கும் நின்று காது கொடுத்தாள். நல்ல வேட்டு சுளீரென்று கிளம்பி, மேட்டில் உருண்டு, மெல்ல அடங்கும். உருண்டால் ஒரு அடி எடுத்து வைப்பாள். "இது இல்லை. இதுவும் இல்லை" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவன் அவளைப் பார்த்து எரிந்து விழுந்தான். "ஏம்மா, இன்னிக்கிப் பாத்தா காத்து வாங்க வர்றது? இப்பிடி மொச மொசன்னு நடந்தா எந்த மான் வரும்?"

"உன் தலையில சுட்டுக்க" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். வாழ்நாளில் யாரையும் அவள் அப்படிப் பேசியதில்லை.

குடிசையில் அடுப்பு சூடாக இருந்தது, ஆள் இல்லை. வாசலிலிருந்து இரண்டு தடங்கள் கிளம்பிப் பிரிந்தன. ஒன்று பீவர்கள் மரம் கடித்துக் கட்டிய அணைப்பக்கம் போயிற்று. ரெய்னோ வருஷா வருஷம் உட்கார்கிற அடிமரம் அங்கேதான். அவள் அந்தத் தடத்தைப் பிடித்தாள். மரங்களுக்கு நடுவே அவன் முதுகு தெரிந்தது. தோளில் துப்பாக்கியை ஏற்றிப் பிடித்து எதையோ குறி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெய்னோ, சுடாதே. தம்பி, சுடாதேடா, கீழே வை."

அவன் திரும்பினான். எதிரே ஏதோ ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. "என்னக்கா நீ, இங்கே? வந்த மானைத் தொரத்திட்டியே" என்றான். லெம்பி அவன் கையைத்தான் பார்த்தாள். அது மவுசர் இல்லை. சுலோவின் துப்பாக்கி, கடையில் தோட்டா வாங்கிச் சுடுகிறது.

லெம்பி அப்படியே பனியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையுறையால் தம்பியை நாலு அடி அடித்தாள். "கண்ணு நல்லாருக்கா? காட்டு, இங்கே திரும்பு" என்று அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

"உன் துப்பாக்கி எங்கே?"

"மச்சான் எடுத்துட்டுப் போனாரு. காலையில எழுந்ததும் மாத்திக் குடுத்தாரு. சனிக்கெழம சுட்டப்போ பின்பக்கம் ஒட்டிக்கிட்டுத் தொறக்கவே இல்லையாம், கட்டையால தட்டித் தொறந்தாராம். ஒத்தைக் கண்ணை வச்சிக்கிட்டு நீ இதைத் தொடாதேன்னாரு."

"சொன்னானா? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நாப்பதையும் உடைச்சுக் கொட்டிருவ, பதினொரு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தவன் வெறுங்கையோட நிப்பான்னாரு. நீயும் மனசொடிஞ்சு போவியாம். பயப்படாதே அக்கா, அவர் சுடமாட்டாரு. சும்மா தோள்ல கெடக்கட்டும், கூட வந்த மாதிரி இருக்கும்னுதான் சொன்னாரு. மேட்டு மேல உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டிருப்பாரு."

லெம்பி எழுந்துவிட்டாள். "எந்த மேடு?" என்றாள்.

அப்போதுதான் அது கேட்டது. சுளீரென்று கிளம்பவில்லை, உருளவும் இல்லை. சாக்கு மூட்டையை மேலிருந்து தள்ளியதுபோல மந்தமாக ஒரு அடி, அவ்வளவுதான். சுற்றிலும் மற்ற வேட்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தன. ரெய்னோ எதையும் கவனிக்கவில்லை. லெம்பி ஓட ஆரம்பித்ததும்தான் அவனும் பின்னால் ஓடினான்.

சுலோ மேட்டின் மேல் ஒரு பிர்ச் மரத்தில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். தொப்பி தூரத்தில் கிடந்தது. துப்பாக்கியின் மரப்பிடி இரண்டாகப் பிளந்து, இரும்பு திறந்துகொண்டு கிடந்தது. நெற்றியிலிருந்து மூக்கு வரை கரி அப்பி, அதன் மேல் ரத்தம் வழிந்தது. கண்கள் திறந்துதான் இருந்தன. லெம்பி நேர் எதிரே போய் நின்றாள். அவை அவளைத் தாண்டி எங்கோ பார்த்தன.

"ரெய்னோவா?" என்றான்.

"நான்தான்."

"லெம்பியா?" குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "கூடு என் காற்சட்டைப் பையில இருக்கு. விழுந்துடுச்சுன்னு பொய் சொன்னேன்."

"பாத்துட்டேன். குண்டு இறங்கலை."

"தீட்டுனது நான்தானே. பல்லுப் பல்லா தீட்டுனேன். சனிக்கெழமயே தெரிஞ்சிபோச்சு எனக்கு."

"அளக்காம பொட்டு வச்சது நான்" என்றாள் அவள். கோட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தினாள். பனியை அள்ளித் துணியில் வைத்து அவன் கண்களை மூடினாள்.

"சுடக்கூடாதுன்னுதான் உக்காந்திருந்தேன், லெம்பி. சத்தியமா. அப்ப அது வந்து நின்னுச்சு. கொம்புல கெளை பன்னெண்டு, நான் எண்ணுனேன். என் ஆயுசுல அப்பிடி ஒண்ணு பாத்ததில்லை. மூணு தாங்குச்சே, ஒண்ணே ஒண்ணு தாங்காதான்னு..." அவன் கையை நீட்டி அவள் முழங்கையைத் தேடிப் பிடித்தான். "விழுந்துச்சா?"

லெம்பி தலையைத் திருப்பிப் பார்த்தாள். முப்பது அடி தள்ளிப் பனியில் குளம்படிகள் தெரிந்தன. வந்த தடம் நிதானமாக வந்திருந்தது, போன தடம் பாய்ந்து பாய்ந்து சதுப்புக்குள் போயிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ரெய்னோ அந்தத் தடத்தின் அருகே நின்று தன் ஒரு கண்ணால் அக்காவைப் பார்த்தான்.

"விழுந்துச்சு" என்றாள் லெம்பி.

ரெய்னோ திரும்பி வந்து சுலோவின் பக்கத்தில் குந்தினான். "பன்னெண்டுதான் மச்சான். நானும் எண்ணிட்டேன்" என்றான்.

டாக்டர்கள் மூன்று மாதம் பார்த்துவிட்டு இரண்டு கண்ணும் இனி இல்லை என்றார்கள். லெம்பி மிச்சமிருந்த முப்பத்தாறையும் எண்ணி எண்ணி உடைத்துக் கொட்டினாள். ரீமரைப் பெரிய ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு உள்ளே விட்டாள். அதற்கப்புறம் யாருக்கும் தோட்டா செய்யவில்லை, கேட்டு வந்தவனைக் கதவிலிருந்தே அனுப்பிவிட்டாள். ரெய்னோ வசந்தத்தில் வரும்போது சாக்கில் சுற்றி ஒரு சோடிக் கொம்பு கொண்டுவந்தான். விஸ்கான்சினில் யாரோ ஒரு பண்ணைக்காரன் வீட்டுச் சுவரிலிருந்து கேட்டு வாங்கியது. லெம்பி அதைச் சமையலறை மேசையில் வைத்து, கிளை பன்னிரண்டுதானா என்று இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். பிறகுதான் சுலோவின் நாற்காலிக்கு மேலே, அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணி அடித்து மாட்டினாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் சுலோ அந்த மானின் கதையைச் சொல்வான். சொல்லும்போது எழுந்து நின்று கிளை கிளையாக விரலால் தொட்டு எண்ணிக் காட்டுவான். ஒருநாள், வந்தவர்கள் போன பிறகு, கடைசிக் கிளையிலேயே அவன் விரல் நின்றுவிட்டது.

"நான் பாத்தப்போ இது கொஞ்சம் உள்பக்கமா வளைஞ்சில்ல இருந்துச்சு" என்றான்.

லெம்பி ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"பனியில உனக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

"அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லி, சுலோ தடவிக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தான்.